காற்றாலை வைத்துக் கொடுவாக் குளத்துக்குத் தண்ணீர் இறைக்கலாமா?

ஓடைக்கரையான்:
வேம்பார் பக்கம் ஒரு ஏக்கர் உவர்நீர்க் குளத்தில் கொடுவா மீன் வளர்க்கிறேன். கடல்நீர் புகும் ஓடைத் தண்ணீரை இரண்டு மீட்டர் ஏற்றினால் போதும். அதற்கே டீசல் செலவு கையைக் கடிக்கிறது. வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் கரையில் கச்சான் காற்று ஓயாது. தோட்டக் கிணற்றில் நிற்கும் பல இறக்கைக் காற்றாலை ஒன்று, 3 மீட்டர் விட்டம், பழையதாக விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

உப்பளத்துக்காரர்:
பம்பு உருளை என்ன உலோகம் என்று முதலில் பாருங்கள். இரும்பு என்றால் கடல்நீர் அரித்துத் தின்றுவிடும். வெண்கலமாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

முள்ளக்காட்டு அண்ணாச்சி:
தம்பி, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 1986இலேயே காற்றாலைப் பண்ணை அமைத்த ஊர் எங்களுடையது. காற்றின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தப் பம்பு ஆழக் கிணற்றுக்கானது. 10 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. வீச்சும் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) உள்ள உருளை ஒரு வீச்சுக்கு 1.2 லிட்டர்தான் தள்ளும். நிமிடத்துக்கு 40 வீச்சு என்று இரவும் பகலும் ஓடினாலும் ஒரு நாளைக்கு 70,000 லிட்டர் தேறாது. உங்கள் குளத்தில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் 40 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கை மாற்றவே 4 லட்சம் வேண்டும். உங்களுக்குத் தேவை குறைந்த உயரத்துக்கு நிறையத் தண்ணீர் தள்ளும் கருவி. தாய்லாந்து உப்பளங்களில் பாய் கட்டிய காற்றாலையோடு பலகைச் சங்கிலியை (வரிசையாகப் பலகைகள் கோத்து நீரைத் தள்ளும் சங்கிலி) பூட்டிக் கடல்நீரை ஏற்றினார்கள். அதுதான் இந்த வேலைக்கு ஏற்ற வடிவம்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காற்றாலையை நம்பி ஆயில் எஞ்சினை விற்றவன் நான். ஐப்பசித் தொடக்கத்தில் மூன்று நாள் ஓர் இலைகூட அசையவில்லை. காற்று நின்றால் ஆலை மட்டுமா நிற்கிறது? குளத்தில் அலையும் அடங்கி, நீரில் காற்றுக் கலப்பதும் குறைகிறது. மூன்றாம் நாள் விடியுமுன் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வெயில் ஏறுவதற்குள் கால் பங்கு மீன் செத்து மிதந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஓடைக்கரையான்:
அண்ணாச்சி, அப்படியானால் அந்த ஆலையால் எனக்கு ஒரு பயனும் இல்லையா?

முள்ளக்காட்டு அண்ணாச்சி:
இருக்கிறது. கோடையில் நாளுக்கு 7 மி.மீ. ஆவியானால் உங்கள் ஏக்கருக்கு இழப்பு 28,000 லிட்டர். அதை ஈடுகட்டவும் குஞ்சுத் தொட்டிக்கு விடவும் அது போதும். ஓடைநீரையே ஊற்றுவதால் உப்பு ஏறும். கொடுவா தாங்கும் என்றாலும், வாரம் ஒருமுறை எஞ்சினைப் போட்டு நீரை மாற்றுங்கள். உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடல் உயிரி) பிடிக்கும், மாதம் ஒருமுறை கழற்றிச் சுரண்டுங்கள். விடியற்காலை 4 மணிக்கு ஆக்சிஜன் அளக்காமல் இருந்துவிடாதீர்கள். எஞ்சினையும், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரையும் மட்டும் விற்றுவிடாதீர்கள், தம்பி.