சேற்றில் எந்த வண்டி நன்றாகத் திரும்புகிறது, எந்த வண்டி வரப்பு ஏறுகிறது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வலங்கைமான் விவசாயி:

தை அறுப்பு முடிந்து வெளியூர் நெல் அறுவடை வண்டிகளெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டன. குறுவைக்கு வண்டி பேசுவதற்கு முன்னால், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும், புதிதாக வந்திருக்கும் பெல்ட் வண்டிகளை யார் யார் எந்த மாதிரி வயலில் இறக்கினீர்கள், எப்படி ஓடியது என்று எழுதினால் எல்லோருக்கும் உதவும். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கெட்டியான களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் ஆளை முழங்கால் வரை உள்ளே இழுக்கும். சம்பா அறுப்பில் பெரும்பாலும் தரை கொஞ்சம் இறுகியிருக்கும், எந்த வண்டியும் சமாளித்துவிடும். குறுவை அறுப்புதான் சோதனை. புரட்டாசி மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் வடியாது, பயிர் சாய்ந்து கிடக்கும். நாலு நாள் பொறுத்து அறுக்கலாம் என்றால் சாய்ந்த கதிரில் முளை விட ஆரம்பித்துவிடும். அறுத்துக் கொண்டுபோனாலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திரும்பக் காயப்போடச் சொல்வார்கள். ஆக, சேறாக இருக்கும்போதே வண்டியை இறக்கியாக வேண்டும்.

வண்டி பேசும்போது எல்லோரும் கேட்பது எத்தனை ஹெச்.பி., எவ்வளவு உயர வரப்பு ஏறும் என்பதைத்தான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. வயல் கோடியில் எப்படித் திரும்புகிறது என்பதுதான் முதல் கேள்வி. நேராகப் போகும் பெல்ட் வண்டி மாட்டி நான் அதிகம் பார்த்ததில்லை. மாட்டினதெல்லாம் மூலையில்தான்.

நேராகப் போகும்போது ஏன் அமிழ்வதில்லை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி மூன்று டன் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் அகலம் 50 செ.மீ., தரையில் படியும் நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் இரண்டு பெல்ட்டுக்கும் சேர்த்து 15,000 சதுர செ.மீ. வருகிறது. ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிராம் பாரம்தான் விழுகிறது. 70 கிலோ ஆள் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிற நேரம், பாதத்தின் அழுத்தம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். நாம் புதைகிற வயலில் மூன்று டன் வண்டி மிதந்து போவது இதனால்தான்.

திரும்பும்போது இந்தக் கணக்கு செல்லாது. பக்கத்துப் பக்கத்து வயலில் இரண்டு வண்டிகள் ஓடியதை வரப்பில் நின்று கவனித்தேன். ஒன்று பழைய வகை. லீவரை இழுத்தால் ஒரு பக்கப் பெல்ட் அப்படியே நிற்கும், மறு பக்கம் மட்டும் ஓடி வண்டியைச் சுழற்றும். நின்ற பெல்ட்டின் ஓரம் மண்ணை வழித்துத் தனக்குப் பக்கத்திலேயே குவிக்கிறது. அந்தக் குவியல், பெல்ட்டுக்குள் சுழலும் உருளை மட்டத்துக்கு வந்ததும் பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே வைக்கோலும் சேறும் பிசைந்துகொண்டு உள்ளே போகிறது. அடுத்த சுற்றில் அதே மூலை, அதே பள்ளம். மூன்றாவது சுற்றில் வண்டியின் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வயிறு உட்கார்ந்த பிறகு பெல்ட் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை.

இன்னொன்று புதியது. அதில் திரும்பும்போது உள்பக்கப் பெல்ட் நிற்பதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. இரண்டும் ஓடிக்கொண்டே இருப்பதால் மண்ணை வழிக்காமல் மேலே இழைத்துவிட்டுப் போகிறது. வட்டம் கொஞ்சம் பெரிதாகத்தான் வருகிறது, சின்ன வயலில் ஒருமுறை பின்னுக்கு வந்து திரும்ப வேண்டியிருக்கிறது. ஆனால் மூலையில் பள்ளம் இல்லை.

இது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உளுந்து. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிக்கிறோம். வண்டி இறங்கும்போது அது முளைத்து ஈர மண்ணில் நிற்கும். நேராகப் போன பெல்ட் தடத்தில் முளை ஓரளவு பிழைத்துக்கொள்கிறது. வண்டி நின்று சுழன்ற இடத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நெல்லில் வந்ததை உளுந்தில் விடுவதற்கா வண்டி பேசுகிறோம்?

ஒரத்தநாடு டிரைவர்:

அண்ணே, நீங்கள் சொன்னது சரி. ஆனால் பாதி வண்டி, பாதி டிரைவர். பழைய வகை வண்டியிலும் லீவரை முழுசாக இழுக்காமல், கொஞ்சம் இழுத்து விட்டு, மறுபடி கொஞ்சம் இழுத்துத் திருப்பலாம். நேரம் கூடுதலாகும். மணிக் கணக்கில் வாடகை கொடுப்பவர் வரப்பில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொன்னால் டிரைவர் சுழற்றத்தான் செய்வார். முதல் சுற்றை வயலின் நாலு ஓரமும் அறுத்து, மூலைகளை மட்டும் ஆளை விட்டுக் கையால் அறுத்து வைத்திருந்தால் எந்த வண்டிக்கும் திரும்ப இடம் கிடைக்கும்.

எங்கள் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், செம்மண் கலந்த மண். தண்ணீர் வடிந்தால் மறுநாளே தரை தாங்கும். அதனால் இங்கே டயர் வண்டியும் ஓடுகிறது. பஞ்சாபிலிருந்து வருகிற பெரிய டயர் வண்டியில் முன்னால் கதிரை அறுக்கும் கட்டர் பதினான்கு அடி அகலம், காய்ந்த பெரிய வயலில் அதன் வேகத்துக்கு பெல்ட் வண்டி பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வைக்கோலை நொறுக்கிவிடும், மாடு வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காது. திருவாரூர், நாகைக் களிமண்ணில் மழைக்குப் பிறகு அதை இறக்கவே கூடாது.

வரப்பு ஏறுவதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புது வண்டிகளில் கியர் மாற்றாமலே ஒரே லீவரில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பின்னுக்கும் எடுத்துவிடலாம். வரப்பு ஏறும்போது இது பெரிய வசதி. பழைய கியர் வண்டியில் கிளட்சை மிதித்த நொடியில் வண்டி பின்னால் நழுவும், இதில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் மூன்று விஷயம் எந்த வண்டிக்கும் மாறாது. டேங்கில் நெல் இருக்கக் கூடாது. நிறைந்த டேங்க் அரை டன்னுக்கு மேல் வரும், அதுவும் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். வரப்புக்கு நேர் குத்தாக வர வேண்டும். சாய்வாக ஏறினால் ஒரு பெல்ட் மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும், அந்த நேரத்தில் திருப்ப லீவரைத் தொட்டால் உருளையிலிருந்து பெல்ட் நழுவிவிடும். அப்புறம், உச்சியில் வண்டி முன்பக்கம் சாய்கிற கட்டம். அங்கே வேகத்தை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கட்டர் அந்தப் பக்க மண்ணில் குத்தும்.

சேற்றில் பெல்ட் கழன்றால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் இந்த மூன்றையும் மறக்க மாட்டார்கள். ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் இறங்கும். பலகை போட்டு, அதற்குமேல் பலகை போட்டுத் தூக்கி, பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டின் உள்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் களியைக் கையால் நோண்டி எடுத்து, கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது அரை நாள் போய்விடும்.

லாரியில் ஏற்றும் பலகையிலும் இதே விதிதான். கீழே இருக்கும்போதே நேர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற ஆரம்பித்த பிறகு திருப்பக் கூடாது. கோணல் என்று தெரிந்தால் முழுசாக இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

மன்னார்குடி, இப்போது கால்கரி:

வணக்கம் அண்ணன்களே. ஊரில் இருந்தவரை நானும் வரப்பில் நின்றவன்தான். இப்போது கனடாவில் வேலை. குளிர்காலத்தில் நண்பர்களோடு ரெவல்ஸ்டோக் மலைகளுக்குப் போய்ப் பனிவண்டி ஓட்டுகிறேன். நீங்கள் பெல்ட்டைப் பற்றிப் பேசுவதைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் இங்கேயும் ஏறுவதா, திரும்புவதா என்றுதான் ஓயாத பேச்சு.

மலைக்கான பனிவண்டியில் பெல்ட் ஒன்றே ஒன்று, முன்னால் இரண்டு ஸ்கி, அதாவது சறுக்குப் பலகை. பெல்ட் அகலம் 15, 16 அங்குலம். நீளத்தில்தான் தேர்வு: 146, 154, 165, 175 அங்குலம் என்று வருகிறது. பெல்ட்டில் உள்ள ரப்பர் பல் மூன்று அங்குல உயரம் வரை இருக்கும். இடுப்பளவு புதுப் பனியில் செங்குத்தாக ஏற 165 பெல்ட்டில் போனால் வண்டி மிதந்து, முன்பக்கம் தூக்காமல் நிதானமாக ஏறும். அதே வண்டியை மரங்களுக்கு நடுவே திருப்ப உடம்பு முழுதும் வேலை செய்ய வேண்டும். 154-இல் அங்கே வளைந்து வளைந்து போகலாம், ஆனால் ஆழமான பனியில் செங்குத்து வந்தால் சீக்கிரம் மூச்சு வாங்கும். போலாரிஸ் கம்பெனியில் ஆர்.எம்.கே. காவோஸ் என்று ஒரு வகை, முன்பக்கம் லேசாகத் தூக்கிச் சட்டென்று திரும்பும்படி அமைத்தது. அதே கம்பெனியின் புரோ வகை முன்பக்கத்தைத் தரையோடு வைத்து நேராக ஏறுவதற்கானது. நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். எனக்குத் திரும்புகிற வண்டிதான் பிடித்தது. களைப்பு குறைவு, களைப்பு குறைந்தால் தவறும் குறைவு.

ஹெச்.பி. பற்றி ஒன்று. உயரம் போகப் போகக் காற்று மெலிந்து, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும். ஏழாயிரம் அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்காக 2020 மாடலில் ஸ்கி-டூ கம்பெனி சம்மிட் வண்டியில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைத் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்தது. 8,000 அடி வரை 165 ஹெச்.பி. குறையாமல் வரும். ஏறும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டிய பூமி, அங்கே அந்தக் கவலை இல்லை.

மாட்டிக்கொள்வது மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி. பெல்ட் சுற்றச் சுற்றத் தனக்குத் தானே பள்ளம் தோண்டி வண்டியின் வயிற்றை உட்கார வைத்துவிடும். இங்கே முதலில் கற்றுக்கொடுப்பதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து விரலை எடு என்பதுதான். இறங்கி, சுற்றியுள்ள பனியை மிதித்து இறுக்கி, ஸ்கியைப் பிடித்து இறக்கம் பார்த்துத் திருப்பி, பிறகுதான் ஓட்ட வேண்டும். பனிச்சரிவு அபாயம் இருப்பதால் ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும். மற்றவர்கள் ஒதுங்கின இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வலங்கைமான் விவசாயி:

தம்பி, நீளம் கூடினால் ஏறும், குறைந்தால் திரும்பும் என்பது பெல்ட் வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. நீளமான பெல்ட் வாய்க்காலைத் தாண்டும்போது முன்னால் குப்புறச் சாயாது. மூலையில் அதே நீளம்தான் பக்கவாட்டில் மண்ணைத் தேய்க்கிறது. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் துண்டு வயலுக்கு எதை எடுப்பது என்பதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை.

கீழ்வேளூர் கடைமடை:

எங்களுடையது டிராக்டர் அனுபவம். கடைமடையில் தண்ணீர் வருவதும் கடைசி, வடிவதும் கடைசி. சேற்று உழவுக்கு இதுவரை சாதா டிராக்டரில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி ஓட்டினோம். இந்தப் போகம் ஃபோர் வீல் டிரைவ் எடுத்தோம். முன் சக்கரமும் இழுப்பதால் ரோட்டவேட்டரோடு (சுழல் கலப்பை) வளைத்துத் திருப்பும்போது முன்பக்கம் சறுக்கிக்கொண்டு நேராகப் போகாமல், திருப்பின பக்கம் வருகிறது. எனக்கு இதுதான் பெரிய லாபம். வரப்பு ஏறுவதும் சுலபம். கேஜ் வீலைப் போல ரோட்டைக் கடிக்காது என்பதால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. ஆனால் இடுப்பு ஆழச் சேற்றில் இன்னும் கேஜ் வீல்தான், அதை மறுக்க மாட்டேன்.

இளவட்டங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின் சக்கரம் புதைந்தால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்கியரில் எடுக்காதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் டிராக்டரின் உடம்பு சுற்றும். முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழும், குதிக்க நேரம் இருக்காது. பின்கியரில் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, தரை இறுகின இடத்தில் நிற்கும் இன்னொரு வண்டியால் தாழ்வாகச் சங்கிலி கட்டி இழுங்கள். செங்குத்தான கரையில் ஏற வேண்டியிருந்தால் பின்பக்கமாக ஏறுவது நல்லது.

ஒரத்தநாடு டிரைவர்:

கடைமடை அண்ணன் சொன்னதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். இது உயிர் விஷயம்.

வலங்கைமான் அண்ணே, குறுவைக்கு வண்டி பேசும்போது புரோக்கரிடம் ஹெச்.பி. கேட்பதோடு விடாதீர்கள். வண்டி வந்து இறங்கியதும் பெல்ட் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பல் தேய்ந்த பெல்ட் காய்ந்த தரையில் ஓடும், களியில் வழுக்கும். இரண்டு பெல்ட்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா, உள்பக்க உருளைகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வண்டிக்கு இ-வாடகை செயலியில் முன்கூட்டியே பதிந்து வைத்தால் நல்லது, மழை வந்த பிறகு பதிந்தால் முறை வருவதற்குள் கதிர் முளைத்துவிடும். எந்த வண்டியாக இருந்தாலும், முதல் மூலையில் எப்படித் திரும்புகிறது என்று நின்று பாருங்கள். பள்ளம் விழுந்தால் அங்கேயே நிறுத்தி, பின்னுக்கு எடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். கூடுதலாகும் கால் மணி நேர வாடகையைக் கொடுத்துவிடுங்கள்.