எம்டன் கிட்டுக்கு இவ்ளோ துட்டா? ஸ்கேல் மாடல் ஹாபி காசுக்காரங்களுக்கு மட்டும்தானா?

ராயபுரம்_கப்பக்காரன்:
ரொம்ப நாளா மனசுல இருக்கறத இன்னிக்கு கேட்டுடறேன். ரெவெல் கம்பெனி 1/350 ஸ்கேல்ல, அதாவது நிஜ கப்பல்ல 350-ல ஒரு பங்கு அளவுல, எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பலோட கிட் போட்டிருக்கான், பாகம் பாகமா வர்ற பிளாஸ்டிக்க நாமே ஒட்டி கட்டணும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம ஹார்பர் பக்கம் வந்து பர்மா ஆயில் டேங்க்கை கொளுத்திட்டு போனானே, ஐகோர்ட் சுவத்துல கல்வெட்டு கூட வச்சிருக்காங்களே, அதே எம்டன்தான். கட்டி முடிச்சா நீளம் 34 செண்டிமீட்டர் கிட்ட வரும். சின்ன வயசுலேர்ந்து தாத்தா வாயால கேட்ட கதை, அத கையால கட்டணும்னு ஆசை. விலை பார்த்தா கிட் மட்டும் ஏழாயிரத்த தாண்டுது, ரெய்லிங்குக்கு ஃபோட்டோ எட்ச்னு மெல்லிசான உலோக பாகம் தனி, பெயின்ட் தனி, ப்ரைமர் தனி, எக்ஸ்ட்ரா தின் க்ளூ ஒரு பாட்டில் ஐநூறு ரூபா கிட்ட, பெயின்ட்ட காத்துல தெளிக்கற ஏர்பிரஷ்ஷும் அதுக்கு கம்ப்ரஸரும் சேர்த்தா இருபதாயிரம் தாண்டிடும். நான் பட்டறையில வேலை பாக்கறவன், ஒரு மாச சம்பளத்தையே எடுத்து வச்சாத்தான் முடியும். ஏர்ஃபிக்ஸ்னு இங்கிலாந்து கம்பெனி 1952-ல கோல்டன் ஹைண்ட்னு ஒரு கப்பல் கிட் விட்டான், விலை ரெண்டு ஷில்லிங்குக்குள்ள நிக்கணும்னே அட்டைப்பெட்டிய தூக்கிட்டு பாலிதீன் பைல போட்டு வித்தான். சின்ன பசங்க பாக்கெட் மணிக்கு வாங்கணும்னு ஆரம்பிச்ச ஹாபி இது. இன்னிக்கு யார் கையில இருக்குன்னு பாருங்க. இது கம்பெனிக்காரனுங்க அடிக்கற கொள்ளை, வேற எதுவும் இல்ல.

பெரம்பூர்_லோகோ:
தம்பி, கொள்ளைன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். டூல் ரூம்ல காலம் பூரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான், அதனால டை, அதாவது அச்சு பத்தி கொஞ்சம் சொல்றேன். ஒரு பாகத்துக்கு ஸ்டீல்ல ஆணும் பெண்ணுமா அச்சு வெட்டணும், கப்பல் மேல் தளத்துல ஒரு போல்ட் தலை மில்லிமீட்டர்ல சின்ன பங்குதான் வரும், அத ஸ்பார்க் எரோஷன்ல, அதாவது மின்பொறியால எரிச்சு எடுக்கணும், உருகின பிளாஸ்டிக் எந்த பக்கம் ஓடும், எங்க சீக்கிரம் ஆறி குழி விழும், வெளிய தள்ற பின் எங்க தடம் பதிக்கும், எல்லாத்தையும் முன்னாடியே கணக்கு போடணும். ஒரு இடத்துல பிசகினா அச்சு இடுக்குல பிளாஸ்டிக் பிதுங்கி கோடு கோடா ஃப்ளாஷ் வரும். அந்த அச்சு செலவு லட்சக்கணக்குல போகும். பிளாஸ்டிக் பக்கெட்டுனா கோடிக்கணக்குல அடிச்சு வித்து செலவ எடுத்துடலாம், முதல் உலகப்போர் ஜெர்மன் க்ரூசர உலகம் முழுக்க எத்தன பேர் வாங்குவான்? அந்த செலவு இருக்கற கொஞ்ச பெட்டி மேலதான் ஏறும்.

இன்னொண்ணு, மணிநேர கணக்கு போட்டுப் பாருங்க. ஒழுங்கா கட்டினா அந்த எம்டன் உங்களுக்கு ரெண்டு மூணு மாசம் ராத்திரி வேலை. குடும்பத்தோட ஒரு தடவ மால்ல படம் பார்த்து சாப்ட்டு வந்தா என்ன செலவு ஆவுதுன்னு நீங்களே சொல்லுங்க.

வண்ணை_72:
லோகோ சார் பெரியவரு, மரியாதையாவே சொல்றேன், இந்த மணிநேர கணக்கு எனக்கு ஒத்து வரல. துட்டு ஒரே நாள்ல போவுது சார், நீங்க சொல்ற மணிநேரம் மெதுவாத்தான் வருது. மாசம் இருபதாந்தேதி கைல ஐநூறு ரூபா வச்சிக்கினு கீறவன்கிட்ட போயி ஒரு மணிநேரத்துக்கு கொஞ்ச துட்டுதான் ஆவுதுன்னு சொன்னா அவன் இன்னா பண்ணுவான்? அவனுக்கு ஏழாயிரம்னா ஏழாயிரம்தான். எங்க தெருவுல ஒரு பையன் கீறான், அட்டையில ஏரோப்ளேன் செஞ்சிக்கினு சுத்துவான், ரெக்கைக்கு நடுவுல தொடப்பக்குச்சி வச்சி கட்டுவான், கை அவ்ளோ சுத்தம். அவன்கிட்ட ஒரு நல்ல கிட்ட குடுத்தா எங்கயோ போயிடுவான். அவன் அப்பா காசிமேட்டுல ஐஸ் பொட்டி தூக்கறாரு, அவரால வாங்கித்தர முடியாது. கப்பக்காரன் அண்ணன் கேக்கறது அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான்.

பாரிமுனை_பில்:
நான் ராஜாஜி சாலையில ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், அதனால ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், நீங்க எல்லாரும் கம்பெனிய திட்டறீங்க, தப்பான ஆள திட்டறீங்க. கஸ்டம்ஸ் அட்டவணையில 9503-னு ஒரு தலைப்பு இருக்கு, பொம்மை, மூணு சக்கர சைக்கிள், புதிர் எல்லாம் அதுல வரும், ஸ்கேல் மாடலும் அதே தலைப்புலதான் வருது. 2020 பட்ஜெட்ல அதுக்கு அடிப்படை இறக்குமதி டூட்டிய 20-லேர்ந்து 60 சதவீதமா ஏத்தினாங்க, 2023-ல 70 ஆக்கினாங்க. நூறு ரூபா சரக்குக்கு எழுபது ரூபா டூட்டி, அதுக்கு மேல ஜிஎஸ்டி, சரக்கு கொண்டு வர்ற கூலியும் அந்த மதிப்புல சேர்ந்துதான் கணக்கு வரும், கடைசியில கடைக்காரன் லாபம். வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருந்தா கிஃப்ட்டா அனுப்ப சொல்லலாம்னா அதுவும் முடியாது, ஐயாயிரம் வரைக்கும் இருந்த விலக்க 2019 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விட்டு வச்சாங்க.

டூட்டி ஏத்தினதுக்கு காரணம் உள்நாட்டு பொம்மை தொழில காப்பாத்தணும்னு. அது நல்ல காரணம்தான், குழந்தைங்க பொம்மைக்கு நானும் ஒத்துக்கறேன். ஆனா 1/350-ல எம்டன் செய்றவன் இந்த ஊர்ல யாரு? யார காப்பாத்தறாங்க? 2021 ஜனவரிலேர்ந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்னு வந்துச்சே, அந்த உத்தரவு 14 வயசுக்கு கீழ உள்ள பசங்க பொம்மைக்குத்தான். அதாவது தர விஷயத்துல வயச பார்த்து பிரிக்கத் தெரியுது, டூட்டியில மட்டும் பிரிக்க மாட்டேங்கறாங்க. இத பத்தி சேர்ந்து மனு போடலாம், கம்பெனிய திட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ராயபுரம்_கப்பக்காரன்:
பில் ப்ரோ, டூட்டி விஷயம் சரி, அது எனக்கு முழுசா தெரியாம இருந்துச்சு, நன்றி. ஆனா ஏர்ஃபிக்ஸ் பெட்டி பலதுல மேட் இன் இந்தியான்னே அச்சடிச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. நம்ம நாட்டு மெஷின்ல, நம்ம ஆளுங்க கையால அச்சடிச்ச கிட். அது நமக்கு சல்லிசா கிடைச்சுதா? இல்லையே. அப்போ டூட்டி மட்டும்தான் காரணம்னு எப்படி சொல்றீங்க?

பாரிமுனை_பில்:
அது காண்ட்ராக்ட் தயாரிப்பு ப்ரோ. அச்சு அவனோடது, சரக்கு அவனோடது, வெளிய போகறதுக்குன்னே செய்றது. இங்க செய்றதும் இங்க விக்கறதும் ரெண்டு வேற வேற கணக்கு. ஆனா உங்க கோபம் நியாயம், அத மறுக்க மாட்டேன்.

மாதவரம்_மாஸ்கிங்:
எல்லாரும் விலைய பத்தியே பேசறீங்க, நான் நேரா ஒண்ணு கேக்கறேன். இங்க புலம்பற எத்தன பேர் வீட்ல பரண் மேல பிரிக்காத பெட்டி இருக்கு? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முப்பது நாப்பது கிட் அடுக்கி வச்சிருக்கார், வருஷத்துக்கு ஒண்ணு முடிச்சா பெரிசு, அவர்தான் ஹாபி காஸ்ட்லி ஆயிடுச்சுன்னு அதிகமா பேசறவர். காஸ்ட்லி ஆனது ஹாபி இல்ல, ஆஃபர் பார்த்தா வாங்கிடற பழக்கம். ஒரு கிட் வாங்கு, முடி, அடுத்தத யோசி. அப்படி செஞ்சா ஸ்விக்கிக்கு போடறத விட கம்மியாத்தான் வரும்.

வண்ணை_72:
மாஸ்கிங் ப்ரோ, பிரிக்காத பெட்டிய ஸ்டாஷ்னு அடுக்கி வச்சிக்கினு கீறவங்கள பத்தி நீங்க சொல்றது சரியா இருக்கலாம், ஆனா மொத கிட்டே வாங்க முடியாதவன் கதைக்கு அது பதில் இல்லியே. நான் எப்படி பண்றேன்னு சொல்றேன். பெட்டி கிழிஞ்ச பழைய கிட்டா பார்த்து வாங்குவேன். புட்டிக்கு எம்சீல், தேய்க்க ஆர்டுவேர் கடை வாட்டர் பேப்பர், ப்ரைமருக்கு காருக்கு அடிக்கற ஸ்ப்ரே கேன், அத தள்ளி நின்னு மெல்லிசா அடிக்கணும். ரிக்கிங்குக்கு, அதான் கொடிமரத்துல கட்டற கயிறு கம்பிக்கு, ஒரு பைசா செலவு இல்ல. பாகத்த வெட்டி எடுத்தப்புறம் மிச்சம் கீற ஸ்ப்ரூ குச்சிய மெழுகுவத்திக்கு மேல கொஞ்சம் தள்ளி புடிச்சி உருட்டிக்கினே இருக்கணும், நெருப்புல படக்கூடாது. நடுவுல பளபளன்னு மின்ன ஆரம்பிச்சி குச்சி தொங்கலாமான்னு பாக்கும் பாரு, அப்போ வெளிய எடுத்து ரெண்டு பக்கமும் இழுக்கணும். மெதுவா இழுத்தா ஈர்க்குச்சி, வேகமா இழுத்தா தலைமுடி. கப்பக்காரன் அண்ணே, எம்டன் கொடிமரத்துக்கு கட்டற கயிறு எல்லாம் இதுலயே வந்துடும். ரெய்லிங்க மட்டும் எட்ச் வாங்கிக்க.

மாதவரம்_மாஸ்கிங்:
ஸ்ப்ரூ இழுக்கறது சரி, அது உலகம் பூரா எல்லாரும் செய்றது. ஆனா புதுசா வர்ற பசங்க இத படிச்சிட்டு ஆர்டுவேர் கடை சாமான்லயே எல்லாம் பண்ணலாம்னு கிளம்பிடுவாங்க, அதான் எனக்கு பயம். பெயின்ட் கடை என்சி தின்னர பாலிஸ்டைரின் மேல, அதாவது கிட் பிளாஸ்டிக் மேல ஊத்தினா அது கரைஞ்சு, தகடு தகடா தெரியற பேனல் லைன் கோடு எல்லாம் மழுங்கிடும். ஃபெவிக்விக்க விமானத்தோட கண்ணாடி மூடிக்கு போட்டா அதோட ஆவி பட்டு வெள்ளையா பூத்துடும், அப்புறம் பாலிஷ் போட்டே உயிர் போகும். ஃபெவிக்விக் ஒட்டறது மேலாப்புல மட்டும்தான், எக்ஸ்ட்ரா தின் ரெண்டு பாகத்தையும் இளக்கி ஒண்ணாக்கிடும், இணைப்புல பிரஷ் நுனிய வச்சா தானா உள்ள ஓடும், ஒரு பாட்டில் வருஷக்கணக்கா வரும். ஐநூறு ரூபாய மிச்சம் புடிக்கறேன்னு மூவாயிரம் ரூபா கிட்டையே கெடுத்துக்கறதா? எங்க சேமிக்கலாம்னா, டமியா கம்பெனி அக்ரிலிக் பெயின்ட்ட கலக்க ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போதும், கம்பெனி தின்னர் வேண்டாம். பாகத்த வெட்டற நிப்பர், க்ளூ ரெண்டுலயும் மிச்சம் புடிக்காதீங்க.

கொளத்தூர்_கப்பி:
நான் வண்ண மீன் வளக்கறவன், மாடல் பக்கம் புதுசு. ஒண்ணு மட்டும் சொல்றேன், மீனுக்கு தீனி, ஃபில்டர், கரண்ட்டுன்னு மாசாமாசம் போய்க்கிட்டே இருக்கு, நிறுத்தவே முடியாது. நிறுத்தி வச்சா கெட்டுப் போகாத ஹாபி உங்களோடது. அது பெரிய விஷயம்.

பெரம்பூர்_லோகோ:
கப்பி சொல்றது கரெக்ட். சரி, விலை விஷயத்துல ஒத்து வரலைன்னா வேற வழி ஒண்ணு சொல்றேன். கிட்டே வேண்டாம், கையால செய்யுங்க. ராயபுரம் ஸ்டேஷன் இருக்கு பாருங்க, 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின இடம், அந்த முகப்பு தூண் வரிசைய விட அழகான சப்ஜெக்ட் எங்க கிடைக்கும்? சன்போர்டுன்னு லேசான பிளாஸ்டிக் அட்டை ஒரு ஷீட், கட்டர், ஸ்டீல் ஸ்கேல், தூணுக்கு ஜூஸ் கடை ஸ்ட்ரா. நூறு நூத்தம்பது ரூபா வேலை. உலகத்துல எந்த கம்பெனியும் போடாத மாடல் உங்க கிட்ட இருக்கும். ரயில் வேணும்னா வந்தே பாரத் நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரியில செஞ்சதுதான், போட்டோ வேண்டிய மட்டும் கிடைக்குது.

வண்ணை_72:
சார், ஸ்டேஷன் நல்ல ஐடியா, நானே செய்வேன். ஆனா அது கை பழகினவனுக்கு. பன்னெண்டு வயசு பையனுக்கு மொத சந்தோஷம் பெட்டிய தொறந்து ரெண்டு பாகத்த சேத்து புடிச்சா டக்குனு உக்காருது பாரு, அதுலதான் கீது. அட்டையில வெட்டினா ஒரு நூல் தள்ளி நிக்கும், அவன் சோர்ந்துடுவான். காசு இல்லாதவன் அட்டையில செய், காசு கீறவன் கிட் கட்டுன்னு ஆயிடக்கூடாது, அத்தான் நான் சொல்றது. 1980-ல ஜப்பான் பண்டாய் கம்பெனி, கண்டம்னு கார்ட்டூன்ல வர்ற ரோபோவோட மொத கிட்ட 300 யென்னுக்கு விட்டான், பசங்களுக்குன்னே வச்ச விலை. இன்னிக்கு அவன் போடற ஹெச்ஜி (ஹை கிரேட்) வகை கண்டம் கிட்டுக்கு க்ளூ வேணாம், பெயின்ட் வேணாம், கலர் பிளாஸ்டிக்லயே வருது. விலைய மட்டும் பாக்காம மேல்செலவையும் பாத்தா பசங்களுக்கு மொத கிட் அதுதான். அதுவே இங்க வர்சொல்ல ஆயிரத்து ஐநூறுக்கு மேல ஆயிடுது.

ராயபுரம்_கப்பக்காரன்:
வண்ணை சொன்னதுல நான் நிக்கறேன். லோகோ சார், நீங்க அச்சு பத்தி சொன்னது எனக்கு புரிஞ்சுது, ஆனா விலை நியாயம்னு நான் ஒத்துக்கல, பாதி டூட்டின்னா அந்தப் பாதி நியாயமில்லாததுதானே. பில் ப்ரோ, மனு ட்ராஃப்ட் பண்ணுங்க, 14 வயசுக்கு மேலன்னு பெட்டியிலயே போட்டிருக்கற கிட்ட பொம்மையிலேர்ந்து பிரிக்கணும்னு தெளிவா எழுதுங்க, கையெழுத்து வாங்கற வேலை என்னுது. எம்டன நான் ரெண்டு தவணையா வாங்கறேன், முதல்ல கிட், தீபாவளி போனஸ்ல எட்ச். சண்டை வந்ததும் அவன் வெள்ளை கப்பல சாம்பல் கலர்ல மாத்திட்டான், அதனால பெயின்ட் செலவு ஜாஸ்தி இல்ல. அந்த கப்பலுக்கு மூணு புகைபோக்கிதான், எதிரிய ஏமாத்த கேன்வாஸ்ல நாலாவது ஒண்ணு பொய்யா மாட்டினான், அத நான் பேப்பர்ல சுருட்டி செஞ்சுக்கறேன். ஏர்பிரஷ் மட்டும்தான் இடிக்குது.

பெரம்பூர்_லோகோ:
விலை நியாயம்னு நீங்க ஒத்துக்க வேண்டாம் தம்பி, நானும் என் கட்சிய மாத்திக்கல. என்கிட்ட ஒரு கம்ப்ரஸர் சும்மா கிடக்குது, மொட்டை மாடியில போட்டா சத்தம் யாருக்கும் தொந்தரவு இல்ல. மூணு நாலு பேர் சேர்ந்து 0.3 நாசில் வச்ச ஏர்பிரஷ் ஒண்ணு வாங்கிக்கங்க, ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வாங்க. வண்ணை, அந்த ஐஸ் பொட்டிக்காரர் பையனையும் கூட்டிட்டு வா. என் ஹோஸ்ல கால் இன்ச் முனை இருக்கு, ஏர்பிரஷ்ஷுக்கு 1/8 வேணும், அடாப்டர் யார்கிட்டயாவது இருக்கா?

மாதவரம்_மாஸ்கிங்:
என்கிட்ட ரெண்டு இருக்கு சார், எடுத்துட்டு வரேன். ஃபில்டரும் கொண்டு வரேன், மாடி ஈரத்துல தண்ணி துளி பெயின்ட்ல தெறிக்கும்.