மல்லாட்டையில் எண்ணெய் குறைகிறது: தப்பு காய்ச்சலிலா, செக்கிலா?

கடலைக்காடு: திண்டிவனம் பக்கம் சின்ன மரச்செக்கு ஓட்டுகிறேன். ஒரு தடவைக்கு 15 கிலோ மல்லாட்டைப் பயிறு (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்). முன்பு 6 கிலோ எண்ணெய் இறங்கும். இப்போது 5 கிலோவைத் தாண்டவில்லை. இரண்டு நாள் கூடுதலாக வெயிலில் போட்டேன், இன்னும் குறைந்ததுதான் மிச்சம்.

வாகைச்செக்கு: காய்ச்சல் மீறிவிட்டது. சருகாகக் காய்ந்த பருப்பு செக்கில் மாவாகிப் போகும், சேர்ந்து கட்டாது. எண்ணெய் அந்த மாவுக்குள்ளேயே நின்றுவிடும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எள்ளுக்குக் கருப்பட்டியும் தண்ணீரும் போடுவது வேறெதற்கு?

பழைய ஃபிட்டர்: அண்ணே, எள்ளுக்குச் சொல்வதைக் கடலைக்குச் சொல்லாதீர்கள். எக்ஸ்பெல்லரில் (திருகு அழுத்தி எண்ணெய் பிழியும் இரும்பு மிஷினில்) ஈரம் கூடினால் பருப்பு களியாக வழுக்கும், அழுத்தமே ஏறாது. பிடிமானத்துக்காகக் கொஞ்சம் கடலைத் தோடு கலந்து ஓட்டுவோம். 6 சதவீத ஈரம், அப்புறம் நல்ல சூடு. சூட்டில் எண்ணெய் இளகி ஓடிவரும். இவர் கணக்கையே பாருங்கள்: 15 கிலோவில் எண்ணெய் சுமார் 7 கிலோ. 6 எடுத்தாலும் 1 கிலோ, 9 கிலோ புண்ணாக்கோடு போகிறது. 11 சதவீதம்! மாட்டுக்கு விருந்து.

வாகைச்செக்கு: மாடும் பிழைக்கட்டும் விடு தம்பி. என்னிடம் வாங்குகிறவர்கள் பச்சைக் கடலை வாசத்துக்குத்தான் காசு தருகிறார்கள். உன் சூட்டில் அது வறுத்த வாசமாகிவிடும், நிறமும் கறுக்கும்.

பழைய ஃபிட்டர்: செக்கு மட்டும் என்ன ஐஸிலா ஓடுகிறது? ஓட்டி முடித்ததும் புண்ணாக்கைக் கையில் எடுங்கள், உலக்கை உரசின சூடு தெரியும்.

கடலைக்காடு: சண்டை இருக்கட்டும். ஈரத்தை எப்படிப் பார்ப்பது? மீட்டர் வாங்க வசதியில்லை.

பழைய ஃபிட்டர்: 100 கிராம் பருப்பை இடித்து, ஓவனில் 105 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 94 கிராமில் நின்றால் ஈரம் 6.

வாகைச்செக்கு: பல் எதற்கு இருக்கிறது? கடித்தால் 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். தூளாகச் சிதறினால் காய்ச்சல் அதிகம்.

கடலைக்காடு: இரண்டும் பார்த்தேன். தூளாகத்தான் சிதறியது, ஓவனில் 97 கிராம் நின்றது. 15 கிலோவுக்கு அரை லிட்டர் தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடி, காலையில் ஆட்டினேன். 5 கிலோ 700 கிராம்.

வாகைச்செக்கு: நான் சொன்ன தண்ணீர்தானே!

பழைய ஃபிட்டர்: அளவு நான் சொன்னது. நனைத்ததை அன்றே ஆட்டிவிடுங்கள், கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை விஷம் வரும். மீதி 300 கிராமுக்கு உலக்கையைப் பாருங்கள், அடி தேய்ந்திருக்கலாம்.

வாகைச்செக்கு: அதை ஒத்துக்கொள்கிறேன். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கடலைக்காடு: செக்கு வாங்கியதிலிருந்து அதே உலக்கைதான்...