மறு: மறு: ‘டிஸ்பர்ஷன்’ – தமிழில் என்ன சொல்வது?

தரமணியிலிருந்து:
வணக்கம். சிவில் டிப்ளமோ மாணவர்களுக்கான செய்முறை ஏடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். இரும்புத் தட்டைச் சம்மட்டியால் அடித்தால், வரிசையாக நட்ட ஜியோபோன்கள் (நில அதிர்வை உணரும் கருவிகள்) தரைப்பரப்பை ஒட்டி ஓடும் ராலே அலையைப் பதிவு செய்யும். நீண்ட அலை ஆழம்வரை தொட்டுப் போகும்; குட்டை அலை மேலாகவே ஓடும். அடையாற்றங்கரை மாதிரி மேலே இளகிய மண்ணும் கீழே கெட்டியும் இருந்தால் நீண்ட அலை முந்தும். எல்லாம் ஒரே சீரான மண் என்றால் வேக வித்தியாசமே இருக்காது. இந்த வித்தியாசத்துக்குத்தான் சொல் வேண்டும். பள்ளிப் பாடநூலில் ‘நிறப்பிரிகை’. மண்ணில் நிறம் ஏது?

மாம்பலத்திலிருந்து:
‘நிற’த்தை எடுத்துவிடுங்கள், ‘அலைப்பிரிகை’. வருகை, செய்கை போல இயல்பான தொழிற்பெயர். ‘ராலே அலை’யையும் மாற்றலாம். திரை என்றால் அலை. ‘நரை திரை’ என்னும்போது தோல் சுருக்கம். நிலத்தின் தோலில் ஓடும் சுருக்கம்தானே இது? ‘நிலத்திரை’ என்போம்.

கிண்டியிலிருந்து:
ஐயா, அழகான சொல். ஆனால் பையன்களுக்குத் திரை என்றால் சினிமாதான். தரைப்பரப்பில் லவ் என்பவர் பெயரில் லவ் அலை என்று இன்னொன்றும் உண்டு. நிலத்திரை என்றால் எது? 1885இல் ராலே கணித்துச் சொன்ன அலை அவர் பெயரிலேயே இருக்கட்டும். ‘அலைப்பிரிகை’ எனக்கு உறுத்துகிறது. அலையே இரண்டாகப் பிளப்பதுபோல் இருக்கிறது. பிரிவது வேகம். சாலையில் பாருங்கள்: தாரும் கான்கிரீட்டும் மேலே, இளக்கமான மண் அடியில். அங்கே பெரும்பாலும் குட்டை அலைதான் முந்தும். ‘வேகப்பிரிகை’ என்றால் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

மாம்பலத்திலிருந்து:
வேகம் வடசொல். ‘விரைவுப்பிரிகை’ என்றால் ஏற்கிறேன்.

குரோம்பேட்டையிலிருந்து:
அலைநீளத்தோடு வேகம் மாறுவதைக் காட்டும் கோட்டைச் சைட்டில் எல்லோரும் ‘டிஸ்பர்ஷன் கர்வ்’ என்றுதான் சொல்கிறார்கள். வேகம் வேண்டாமென்றால் பாடநூலில் ‘திசைவேக’த்தை என்ன செய்வீர்கள்?

தரமணியிலிருந்து:
சரி, மூன்று பேர் தனி மடலிலும் ‘அலைப்பிரிகை’க்கே கை தூக்கியிருக்கிறார்கள். அதையே போடுகிறேன், அது முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டிஸ்பர்ஷன்’ என்பதும் பக்கத்தில் இருக்கும். ராலே அப்படியே இருக்கும்.

கிண்டியிலிருந்து:
போடுங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பிளவு என்று புரிந்துகொள்ளும் மாணவர்களுக்கு வகுப்பில் நான்தான் விளக்க வேண்டும். அப்புறம், கர்வ் என்பது வளைகோடா, வளைவரையா? ஏட்டில் இரண்டும் இருக்கிறது.