பெர்லினின் இரவு இசை: ஒரு வார இறுதியில் எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். பையரைச் சந்திக்க ஜெர்மனி செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய வார இறுதியை, வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை, பெர்லினில் கழிக்க அனுமதி கிடைத்துவிட்டது. கல்லூரிக் காலத்திலிருந்து பங்க், இண்டஸ்ட்ரியல் வகை இசையையே விரும்பிக் கேட்டு வருகிறேன்; டெக்னோ என்ற மின்னணு நடன இசை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இணையத்தில் தேடினால் பெர்க்ஹைன் என்ற பிரபல டெக்னோ க்ளப்பின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் புலம்பல்தான் பக்கம் பக்கமாக வருகிறது. நான் மது அருந்துவதில்லை, தனியாகச் செல்கிறேன், அங்கே தெரிந்தவர் எவரும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவர் அந்த ஊரின் இரவை எந்த முனையிலிருந்து தொடங்கலாம் என்பதை, அங்கே வாழ்ந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோபி வாய்க்கால்மேடு

தம்பி, வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் அங்கே குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ரசனைக்குப் பெர்க்ஹைனை நினைத்துக் கவலைப்பட வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் கேட்கும் இசை பெர்லினில் வேரூன்றிய பகுதி க்ராய்ட்ஸ்பெர்க். முதல் மாலையை அங்கே செலவிடுங்கள்.

மேற்கு பெர்லினில் மதுக்கூடங்களை மூடும் நேரக் கட்டுப்பாடு 1949ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கிழக்கையும் மேற்கையும் பிரித்த பெர்லின் சுவர் எழுந்த பிறகு அந்நகரில் குடியிருந்த இளைஞர்களுக்கு மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு இருந்ததால், சீருடை அணிய விரும்பாதவர்களும் ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். சுவரை ஒட்டிய க்ராய்ட்ஸ்பெர்க்கில் வாடகையும் மலிவு. ஓரானியன் தெருவில் 1978இல் திறக்கப்பட்ட எஸ்ஓ36 அரங்கமும், இரும்புத் தகடுகளையும் துளையிடும் இயந்திரங்களையும் இசைக்கருவிகளாக்கி 1980இல் உருவான ஐன்ஸ்ட்யூர்சென்டே நொய்பாவ்டன் குழுவும் அந்தச் சூழலின் விளைச்சல். எஸ்ஓ36 இன்றும் இயங்குகிறது. பங்க் கச்சேரி நடக்கும் அதே கூடத்தில் வேறொரு நாளில் துருக்கி, அரபுப் பாடல்களுக்கு மக்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதையும் தவறவிட வேண்டாம்.

அருகிலேயே, பழைய திரையரங்கு ஒன்றில் லிடோ என்ற கச்சேரி அரங்கம் இருக்கிறது. மிட்டே பகுதியில், முன்பு சாக்லேட் தொழிற்சாலையாக இருந்து 1990இல் இளைஞர்கள் புகுந்து குடியேறிய கட்டடத்தில் ஷோகோலாடன் என்ற சிறிய அரங்கம் உள்ளது. கட்டணம் குறைவு, மேடைக்கும் உங்களுக்கும் இடையே இரண்டடிகூட இருக்காது. இரைச்சலையே இசையாக்கும் சோதனை முயற்சிகளுக்கு ப்ரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் உள்ள ஆவ்ஸ்லாண்ட் என்ற அரங்கம் பொருத்தமானது. இத்தகைய சிறிய இடங்களின் நிகழ்ச்சிகளை ஸ்ட்ரெஸ்ஃபாக்டர் என்ற பட்டியலிலும், டெக்னோ க்ளப்புகளின் நிகழ்ச்சிகளை ரெசிடென்ட் அட்வைசர் தளத்திலும் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது நேரக்கணக்கில்தான். குழுக்களின் கச்சேரி மாலை எட்டு மணியளவில், அறிவித்தபடியே தொடங்கி, பதினொன்றுக்குள் முடிந்துவிடும். க்ளப்புகளோ நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். பத்து மணிக்கு க்ளப்புக்குப் போனால் வெறும் தரையைத்தான் பார்க்க முடியும். கச்சேரி முடிந்ததும் அறைக்குத் திரும்பிச் சற்று உறங்கிவிட்டு மறுபடி கிளம்புவதே உள்ளூர் வழக்கம். அதை நீங்களும் கைக்கொள்ளுங்கள்.

டெக்னோவுக்கு ஒரே ஓர் இரவு ஒதுக்குவதானால் ட்ரெசோர் என்ற க்ளப்புக்குப் போகலாம். 1989இல் சுவர் விழுந்தபின் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பெட்டகத்தில் 1991இல் ட்ரெசோர் தொடங்கப்பட்டது. 2007 முதல் கோப்பெனிக்கர் தெருவில், ஒரு பழைய மின்நிலையத்தில் இயங்குகிறது. இண்டஸ்ட்ரியல் கேட்ட காதுக்கு அங்கே ஒலிப்பது அந்நியமாகத் தோன்றாது.

சிங்கை குளக்கரை (கோவை)

அண்ணா சொன்னவற்றில் ஒன்றைத் தவிர அனைத்தும் சரி. பெர்லினில் முதுநிலை படித்தவள் என்ற முறையில், பெர்க்ஹைனை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்வேன். சனிக்கிழமை இரவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே சனி நள்ளிரவில் தொடங்கும் நிகழ்ச்சி திங்கள் காலை வரை இடைவெளியின்றி நடக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் வரிசை நீள்வது சனி இரவில். ஞாயிறு மதியத்திலோ மாலையிலோ, நன்றாக உறங்கி எழுந்து, உண்டுவிட்டு வரும் உள்ளூர்க்காரர்கள் அதிகம். நம் ஊர்க் கோயில்களில் உடுக்கையடித்துக் கதை பாடும் இரவுகளில், பாதியில் வீட்டுக்குப் போய்க் கண்ணயர்ந்துவிட்டு மீண்டும் வந்து அமர்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அப்படித்தான். கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வருபவர்கள் உண்டு.

வாசலில் யாரை விடுவார்கள் என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. அன்று யார் வாசிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, கூட்டமாக நிற்காமல், உரக்கப் பேசாமல் நின்றால் போதும். தனியாகச் செல்வது உங்களுக்குச் சாதகமே. மறுத்தால் வாதிடாமல் நகர்ந்துவிடுங்கள். உள்ளே விட்டால் கைப்பேசியின் கேமராமேல் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். 2004இல் திறக்கப்பட்ட அந்த இடம் தற்பால் ஈர்ப்புள்ள ஆண்களின் கொண்டாட்டங்களிலிருந்து வளர்ந்தது. தம் வாழ்வை வெளியே மறைக்க நேர்ந்தவர்கள் அச்சமின்றி ஆட வேண்டும் என்பதே படம் எடுக்கத் தடை இருப்பதன் காரணம். மூலைகளில் நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத நெருக்கங்களையும் காண நேரலாம். உற்றுப் பார்க்காமல் கடந்து செல்வதே மரியாதை.

மது அருந்தாததைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. மாட்டே என்ற தென் அமெரிக்கத் தேயிலை போன்ற இலையில் செய்த க்ளப்-மாட்டே என்ற பானம் எல்லா இடத்திலும் கிடைக்கும். காஃபின் உண்டு என்பதால் விழித்திருக்கவும் உதவும். பாட்டிலுக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். பெண்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல க்ளப்புகளில் தொல்லை நேர்ந்தால் அணுகுவதற்கென்றே ஒரு குழு நிறுத்தப்பட்டிருக்கும், தயங்காமல் சொல்லலாம். கோவையில் இரவு பத்து மணிக்கு மேல் பேருந்தில் வருவதைவிட, நான் அங்கே அதிகாலையில் ரயிலில் திரும்பிய நாள்களில் பயம் குறைவாகவே இருந்தது.

பல்லடம் தணிக்கையாளர்

இசை பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வரி பற்றி ஒன்று சொல்கிறேன். பெர்க்ஹைன் நுழைவுக் கட்டணத்துக்கு 19 விழுக்காடு வரி விதிக்க வேண்டுமா, கச்சேரிகளுக்குரிய 7 விழுக்காடு போதுமா என்ற வழக்கில், 2016இல் நீதிமன்றம் 7 விழுக்காடே போதும் என்று தீர்ப்பளித்தது. 2024இல் பெர்லின் டெக்னோ, ஜெர்மனியின் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இரவு முழுவதும் ஆடுவதைக் கலை என்று அரசே ஒப்புக்கொண்ட ஊர் என்ற நினைவோடு செல்லுங்கள்.

வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது. மற்ற நாள்களில் இரவுப் பேருந்து. நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது என்பதற்காகச் சீட்டில் முத்திரை குத்தாமல் ஏறிவிடாதீர்கள், பிடிபட்டால் 60 யூரோ. கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்)

மூவருக்கும் நன்றி. வெள்ளி மாலை எஸ்ஓ36 அல்லது ஷோகோலாடன், சனி பகல் ஓய்வு, அன்று நள்ளிரவுக்குப் பின் ட்ரெசோர், ஞாயிறு மாலை பெர்க்ஹைன் வாசல் என்று வைத்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: தறி ஓடும் கூடத்தில் வளர்ந்த காது எனக்கு, அங்கே அடைப்பான் அவசியம்தானா?

கோபி வாய்க்கால்மேடு

அவசியம், தம்பி. பல க்ளப்புகளில் கவுன்டரிலேயே கிடைக்கும் என்றாலும், இங்கிருந்தே நல்லதாக ஒரு ஜோடி வாங்கிச் செல்லுங்கள். குளிர்காலமாக இருந்தால் மேலங்கியை ஒப்படைக்கத் தனிக் கட்டணம் உண்டு, அதற்கும் சில்லறை எடுத்து வையுங்கள்.