கோயில் வாசல்ல சேலை வித்ததுக்குப் பேப்பர் குடுத்துட்டாங்க, லைசன்ஸ் எங்க வாங்கறது?

கரூர்க்காரி
எல்லாருக்கும் வணக்கங்க. ரொம்ப அவசரம். இங்க இங்கிலாந்துல நேத்து ஞாயித்துக்கிழமை கோயில் கார் பார்க்கிங்ல ஒரு மடக்கு மேசை போட்டு சேலையும் நைட்டியும் வித்துட்டிருந்தோம். மஞ்சக் கோட்டு போட்ட ரெண்டு கவுன்சில்காரங்க (நம்மூரு நகராட்சி மாதிரி) வந்து பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதிக்கிட்டு ஒரு பேப்பரக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. 14 நாளுக்குள்ள பதில் எழுதோணுமாம். கோயில்காரங்ககிட்டக் கேட்டுட்டுத்தாங்க போட்டோம். வீடு வீடாப் போயும் விக்கறோம், அதுக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. தீபாவளிக்குன்னு ஒரு மூட்டை சரக்கு வந்து வீட்ல கெடக்குது. லைசன்ஸ் எங்க வாங்கறது, எவ்வளவு ஆகும்? ஃபைன் போட்டுருவாங்களா? ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லைங்க.

மூணாம்மாடி
முதல்ல பயப்படாதீங்க. நான் வந்த புதுசுல பட்டதைக் கேட்டா உங்களது ஒண்ணுமே இல்லைன்னு தோணும். 2019 நவம்பர். கரண்ட் கம்பெனி மாத்தச் சொல்லி வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்குற வேலை, கமிஷன் மட்டும்தான். நாலு மணிக்கே இருட்டிரும். தியாகராய நகர்ல வாங்கிட்டு வந்த ஷூ ரெண்டாவது வாரமே வாயைப் பொளந்துடுச்சு. ஈரச் சாக்ஸோட அறுபது கதவு தட்டினா ஒருத்தர் முழுசாப் பேச விடுவார். ஒரு பாட்டி மட்டும் டீ குடுத்துட்டு, "கையெழுத்து போட மாட்டேன், குடிச்சிட்டுப் போ"ன்னாங்க. ரூமுக்கு வந்தா சுவரெல்லாம் பூஞ்சை. அம்மாகிட்ட வீடியோ கால்ல சுவர் தெரியாம உக்காந்து பேசுவேன். அதனால சொல்றேன், இந்த வீடு வீடாப் போற பொழைப்பே வேண்டாம். கிடங்கு வேலை ஏதாவது பாருங்க.

பொட்டணி அண்ணை
தங்கச்சி, உவர் சொல்லுறதை விடும். நான் 91இலை வந்தனான். எங்கடை ஊரிலை புடவை மூட்டையோடை வாற பொட்டணி வியாபாரியைப் பாத்து வளந்த ஆள், இஞ்சை வந்து நானே பொட்டணி ஆனனான். லைசன்ஸ் எண்டு ஒண்டும் தேவையில்லை. பொலிசிலை பொட்டணி வியாபாரிக்கு "பெட்லர் சர்டிபிகேட்" எண்டு ஒரு அட்டை தருவினம். 12 பவுண்ஸ் 25 பென்ஸ். அதை எடுத்தியள் எண்டால் ஒரு வருசத்துக்கு இந்த நாடு முழுக்க எங்கை வேணுமெண்டாலும் மேசை போடலாம். கவுன்சில் வந்தால் அட்டையைக் காட்டுங்கோ, திரும்பிப் போயிடுவினம்.

ஹாரோவாசி
அண்ணா, மன்னிக்கணும், தப்பான தகவல். கவுன்சில் லைசன்ஸ் இல்லாம தெருவுல நிக்கவும் கூடாது, கதவைத் தட்டவும் கூடாது. லண்டனுக்கு 1990 சட்டம் தனியா இருக்கு. தற்காலிக லைசன்ஸ் அதிகபட்சம் ஆறு மாசத்துக்குத் தருவாங்க. கரூர்க்காரி, நீங்க லண்டன்ல எந்த பரோ, அதாவது எந்த கவுன்சில் பகுதி? பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லாம எப்படிச் சொல்றது?

பொட்டணி அண்ணை
தம்பி, நான் முப்பது வருசம் வித்தனான். நீர் எத்தினை வருசம் வித்தனீர்?

கரூர்க்காரி
லண்டன் இல்லைங்க. மிட்லண்ட்ஸ் பக்கம். பேப்பர்ல அனுமதி இல்லாத தெரு வியாபாரம்னு போட்டிருக்கு, எச்சரிக்கைன்னும் போட்டிருக்கு. சேலைக்கு மட்டும்தான் லைசன்ஸா, இட்லிப் பொடிக்கும் வேணுங்களா? பொடியும் அதிரசமும் நானே செஞ்சு விக்கறேன். மேசைல அதுவும் இருந்துச்சு.

நூல்கண்டு
எனக்கு ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை கவுன்சில்காரன் தானா எழுந்து வருவானா? நம்மாளு எவனோ போட்டுக் குடுத்திருக்கான். எங்க ஊர்லயும் அப்படித்தான். ஒரு அக்கா வீட்லயே பிளவுஸ் தச்சாங்க, அதைக்கூட விடலை. வெள்ளைக்காரன் ஒரு தடவை முறைச்சிட்டுப் போயிடுவான், நம்மாளு ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டுத்தான் போவான்.

மூணாம்மாடி
நூறு சதவீதம் உண்மை. கோயிலுக்கு முன்னாடி கடை வச்சிருக்கிறவரைக் கேட்டுப் பாருங்க. ஒரு பிடி கறிவேப்பிலைக்கு அவர் வாங்குற காசுக்கு ஊர்ல ஒரு மரமே வாங்கலாம். அவருக்கு எதிர்ல பொடி வித்தா சும்மா இருப்பாரா?

ஹாரோவாசி
மரமா! எங்க கடையில போன வாரம் கறிவேப்பிலையே இல்லை, முருங்கைக்காய் மட்டும் விறகு மாதிரி கிடந்துச்சு.

பொட்டணி அண்ணை
கோயில் நிர்வாகத்தைப் பற்றி நான் கதைக்க வெளிக்கிட்டால் விடியும். விடுவம்.

புதுப்பெட்டி
ஹாய், இடையில கேக்குறேன், சாரி. நான் செப்டம்பர்ல மாஸ்டர்ஸ்க்கு வந்தேன். வாரம் 20 மணி நேர வேலை கிடைக்கலை. இந்த போலீஸ் சர்டிபிகேட் ஸ்டூடண்ட்டும் வாங்கலாமா? 12 பவுண்டுதானே, சாக்ஸ், மொபைல் கவர் மாதிரி ஏதாவது விக்கலாம்னு பார்க்கிறேன்.

கல்நடை
புதுப்பெட்டி, வேண்டாம். ஸ்டூடண்ட் விசாவில் சொந்தத் தொழிலே கூடாது. 20 மணி நேரம் என்பது ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்ய மட்டும். சாக்ஸ் விற்றால் மணி கணக்கே வராது, முதல் ஜோடியிலேயே விதிமீறல். போலீஸ் சர்டிபிகேட் கொடுத்தாலும் விசா நிபந்தனை மாறாது. படிப்பு முடித்து கிராஜுவேட் விசா வந்த பிறகு தாராளமாக விற்கலாம்.

கரூர்க்காரி, இவ்வளவு நேரம் யாருமே உங்களிடம் இதைக் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன விசா? அந்தப் பேப்பர் யார் பேரில் இருக்கிறது? இப்போது இருக்கிற ஊருக்கு வந்து எத்தனை நாள்? நான் ஒரு கவுன்சிலில் லைசன்சிங் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். இந்த மூன்றும் தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கரூர்க்காரி
வீட்டுக்காரரு பி.எச்.டி. பண்றாருங்க, ஸ்டூடண்ட் விசா. நான் டிபெண்டண்ட். யாவாரம் என்னுதுதான், எங்கம்மா கரூர்ல இருந்து அனுப்பறாங்க. பாப்பாவுக்குச் சோறு ஊட்டறதுக்கு நான் உள்ள மண்டபத்துக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பாத்து அவரு மேசைகிட்ட நின்னாரு. அதனால பேப்பரு அவரு பேர்ல வந்துருச்சு. இந்த ஊருக்கு வந்து மூணு வாரம் ஆகுது, முன்ன வேற கவுண்ட்டில (நம்மூரு மாவட்டம் மாதிரி) இருந்தோம். இது பெரிய பிரச்சனைங்களா?

நூல்கண்டு
ஐயோ. "மேசை என்னுது இல்ல, யாரோ ஃப்ரெண்டுது"ன்னு எழுதிப் போட்டுருங்க.

கல்நடை
பொய் எழுதாதீர்கள். நடந்ததே உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் விசா. பி.எச்.டி. மாணவரின் மனைவியாக வந்தவருக்கு வேலை செய்யவும் சொந்தத் தொழில் செய்யவும் அனுமதி உண்டு. தொழில்முறை விளையாட்டு வீரர் வேலை மட்டும் கூடாது, சேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் இ-விசாவில் உள்ள நிபந்தனையை ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் கணவருக்கு அந்த உரிமை இல்லை. இனி அவர் மேசைக்குப் பின்னால் ஐந்து நிமிடம்கூட நிற்க வேண்டாம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவு தட்டவும் வேண்டாம். பதில் எழுதுவதற்கு முன்பு அவர் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசனைப் பிரிவுக்குப் பேப்பரோடு போகட்டும், காசு வாங்க மாட்டார்கள். பதிலில், வியாபாரம் உங்களுடையது, குழந்தைக்கு ஊட்டப் போனபோது அவர் நின்றார், அனுமதி வேண்டும் என்று தெரியாது, இனி போட மாட்டோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எச்சரிக்கை என்று போட்டிருந்தால் இது இன்னும் அபராதம் இல்லை. நீதிமன்றம் வரை போனால் தெரு வியாபாரத்துக்கு 1,000 பவுண்டு வரை போடலாம். அதனால் 14 நாளைத் தாண்ட விடாதீர்கள்.

அடுத்தது மேசை. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982 சட்டம். அதை ஏற்றுக்கொண்ட கவுன்சில் சில தெருக்களில் முழுத் தடை போடும், சிலவற்றில் லைசன்ஸோ சம்மதமோ கேட்கும். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், அவர்கள் இணையதளத்தில் தெருப் பட்டியலோடு சேர்த்தே இருக்கும். இதில் எல்லாரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். அந்தச் சட்டத்தில் "தெரு" என்றால் சாலை மட்டுமில்லை, காசு கொடுக்காமல் பொதுமக்கள் வந்துபோகிற எந்த இடமும். கோயில் கார் பார்க்கிங்கும் அதில் வரலாம். கோயில்காரர் சரி என்றது அவர் நிலத்துக்கு அனுமதி, கவுன்சிலுக்கு அது கணக்கில்லை.

இப்போது நம் அண்ணையும் ஹாரோவாசியும். இருவரும் பாதி சரி. போலீஸ் சர்டிபிகேட் உண்மை, 12.25 பவுண்டும் உண்மை. 1871 சட்டம் அது. நாற்காலி பழுது பார்ப்பவர், தகர வேலைக்காரர், கால்நடையாகப் போய் வீடு வீடாக விற்பவர் என்றெல்லாம் அதில் பட்டியல் இருக்கும். குதிரையோ பொதி சுமக்கும் வேறு மிருகமோ இல்லாமல் நடந்து போக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அட்டையோடு நடந்து விற்றால் அது தெரு வியாபாரக் கணக்கில் வராது, கவுன்சில் லைசன்ஸும் வேண்டாம். ஆனால் 1988இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நடக்கிற வழியில் விற்பவர்தான் பெட்லர், விற்பதற்காக ஓரிடத்துக்குப் போய் நிற்பவர் இல்லை. அதனால் அண்ணை, அட்டை இருந்தாலும் மேசை போட முடியாது.

பொட்டணி அண்ணை
நான் மேசை போட்டனான் எண்டு எப்ப சொன்னனான்? சரி, ரெண்டு மூண்டு தரம். அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை.

ஹாரோவாசி
கதவு தட்டுறதுக்குக் கவுன்சில் லைசன்ஸ் வேணும்னு நான் சொன்னது தப்புதான். ஒத்துக்கிறேன்.

கரூர்க்காரி
அப்ப நாளைக்கே போலீஸ் ஸ்டேஷன் போறேனுங்க.

கல்நடை
போகாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தப் போலீஸ் எல்லைக்குள் ஒரு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஃபாரம், புகைப்படம், நன்னடத்தைக்குச் சொல்ல ஆள் எல்லாம் தயார் செய்யுங்கள். பல இடங்களில் இணையத்திலேயே ஃபாரம் இருக்கிறது. அட்டை கைக்கு வரும்வரை சேலையோடு கதவு தட்ட வேண்டாம். வந்த பிறகு, நீங்கள் விற்கப் போகிற வீட்டில் இருப்பவர் கேட்டால் காட்டியே ஆக வேண்டும். உங்கள் கணவருக்கோ வேறு யாருக்கோ அதை இரவல் கொடுக்கக் கூடாது. போகச் சொன்ன பிறகும் வாசலில் நின்றால் அதுவே குற்றம்.

வாசலில் வைத்து 42 பவுண்டுக்கு மேல் விற்றால் வாங்கியவருக்கு 14 நாளில் திருப்பித் தரும் உரிமை உண்டு, அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பட்டுச் சேலை அதில் மாட்டும், நைட்டி மாட்டாது. ஏப்ரல் முதல் ஏப்ரல் வரை மொத்த விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். அது லாபம் இல்லை, விற்ற காசு.

அம்மா எப்படி அனுப்புகிறார்கள்? வருகிறவர்கள் பெட்டியில் என்றால், பயணிகளுக்கான 390 பவுண்டு சலுகை சொந்த உபயோகத்துக்கும் பரிசுக்கும்தான். விற்கிற சரக்கை டிக்ளேர் செய்ய வேண்டும்.

கரூர்க்காரி
கூரியர்லதாங்க, டூட்டி கட்டித்தான் எடுத்தோம். பொடி?

கல்நடை
வேடிக்கை என்னவென்றால் பொடிக்கு போலீஸ் அட்டையே வேண்டாம். காய்கறி, மீன், பழம், சாப்பாட்டுப் பொருள் விற்பவருக்கு 1871 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வீட்டில் சமைத்து விற்க, தொடங்குவதற்கு 28 நாள் முன்பே கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும். இலவசம், மறுக்கவும் முடியாது. பிறகு உங்கள் சமையலறையைப் பார்க்க ஆள் வருவார்கள். வீட்டு ஓனரிடமும் சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று முழுவதும் எழுத வேண்டும். ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள 14 பொருட்களில் எது இருந்தாலும் எடுப்பாகத் தெரிய வேண்டும். எள்ளும் கடுகும் நிலக்கடலையும் அதில் உண்டு. பெருங்காய டப்பாவின் பின்பக்கம் படியுங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். அதையும் எழுத வேண்டும்.

கரூர்க்காரி
பெருங்காயத்துல கோதுமைன்னு இத்தனை வருசமா எனக்குத் தெரியாதுங்க. இப்பத்தான் டப்பாவப் பாத்தேன், ஆமா இருக்குது. தீபாவளிக்கு மேசை போட வேற வழியே இல்லீங்களா?

கல்நடை
இருக்கிறது. கவுன்சில் சந்தையில் ஒரு நாள் கடை வாடகைக்குக் கிடைக்குமா கேளுங்கள். சந்தையில் விற்க போலீஸ் அட்டையும் வேண்டாம். அல்லது தமிழ்ச் சங்கம் நடத்தும் தீபாவளிச் சந்தையில் இடம் வாங்குங்கள். திறந்த வெளியில் ஐந்து கடையோ அதற்கு மேலோ என்றால், பல ஊர்களில் நடத்துகிறவர் ஒரு மாதம் முன்பே கவுன்சிலுக்கு எழுத வேண்டும். எழுதியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

புதுப்பெட்டி
நான் சாக்ஸை ரிட்டர்ன் போட்டுட்டேன். 🙏

கரூர்க்காரி
அவரு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நேரம் வாங்கிட்டாருங்க. பேப்பரையும் ஃபோட்டோ எடுத்து வச்சிட்டேன். கவுன்சில்ல பொடிக்கு இன்னைக்கே பதிஞ்சாச்சு, அஞ்சு நிமிசம் கூட ஆகல.

பொட்டணி அண்ணை
தங்கச்சி, அந்தப் பொடியிலை உறைப்புக் கூடினது இருக்கே? எனக்கு ரெண்டு பக்கெற் எடுத்து வையும்.

கரூர்க்காரி
28 நாள் கழிச்சுத் தர்றேனுங்கண்ணா.