மென்பொருள் தரும் மதிப்பெண்ணை நோயாளியிடம் எப்படிச் சொல்கிறீர்கள்?

எக்ஸ்ரே நுட்புநர், திண்டுக்கல் மாவட்டம்:

காசநோய் முகாம்களில் எக்ஸ்ரே எடுக்கிறேன். படம் எடுத்த சற்று நேரத்தில், அதை ஆராயும் கணினி மென்பொருள் ஒரு மதிப்பெண் காட்டும். வரம்பைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அண்மையில் வந்த பெரியவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். 0.71. “நூற்றுக்கு எழுபத்தொன்று காசநோய்தானா தம்பி?” என்றார். மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

உட்காரவைத்து விளக்கினேன். அது நோய் இருப்பதற்கான சதவீதம் அல்ல. காசநோய்ப் படங்களில் தெரியும் அடையாளங்கள் இவர் படத்தில் எந்த அளவுக்குத் தென்படுகின்றன என்று மென்பொருள் போடும் மதிப்பெண், அவ்வளவுதான். வரம்பை வைப்பதும் மனிதர்களே. அதைத் தாழ்த்தினால் நோயாளிகள் தப்பிப்போவது குறையும். நோயில்லாதவர்கள் அலைவது கூடும். முகாமுக்கு முகாம் அந்த வரம்பு மாறலாம்.

பேச்சுக் கொடுத்தபோதுதான், முன்பே காசநோய்க்கு முழுச் சிகிச்சையும் முடித்தவர் என்று தெரிந்தது. ஆறிப்போன தழும்பும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும். அதைப் படிவத்தில் எழுதி, சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் சோதனைக்கு அனுப்பினேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ‘முன்பு காசநோய் வந்ததுண்டா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் யாருக்கும் மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள்.

குழந்தைகளைக் கூட்டிவருபவர்களும் உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மென்பொருளைப் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். குழந்தை என்றால் நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

செவிலியர், சர்க்கரை நோயாளிகளுக்கான விழித்திரைப் பரிசோதனை:

எங்களிடம் மென்பொருள் பார்ப்பது விழித்திரைப் படத்தை. எங்களுக்குச் சிக்கல் மதிப்பெண்ணில் இல்லை, ‘படம் தெளிவில்லை’ என்று வரும் பதிலில்தான். கண்புரை முற்றியிருந்தாலும், அறையில் வெளிச்சம் புகுந்தாலும் அப்படி வரும். தாய்லாந்து மருத்துவமனைகளில் கூகுள் இத்தகைய மென்பொருளை வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது மதிப்பிடவே மறுத்துவிட்டது. படித்தபோது எனக்கு வியப்பில்லை.

என் கோபமெல்லாம், அப்படித் திரும்பியவர்களை ‘பாதிப்பு இல்லை’ பட்டியலில் தள்ளிவிடுவதன் மேல்தான். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ள ஒருவரின் கண்ணை மென்பொருளால் பார்க்க முடியவில்லை என்றால், அவரைத்தான் கண் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, கண்ணுக்குச் சற்று ஓய்வு கொடுத்து இன்னொரு முறை எடுப்பேன். அப்போதும் தெளியாவிட்டால் சீட்டில் சிவப்பு மையில் ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுதி, மருத்துவரைப் பார்க்கும் தேதியையும் குறித்துக் கையில் கொடுத்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.